பருப்பு வேகும் வழி: மைசூர் பருப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"உன் பருப்பு இங்கே வேகாது" என்று யாரிடமாவது சொல்லியிருப்போம், அல்லது யாரிடமாவது கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்போம். ஆனால் அடுப்படியில் நிஜமாகவே பருப்பு வேகாமல் நின்றவர்களுக்குத்தான் அந்தச் சொலவடையின் எரிச்சல் முழுசாகத் தெரியும். ஒரு மணி நேரம் கொதித்தும் பல்லில் நறநறக்கும் பருப்பு, மூடி வழியே நுரை கக்கும் குக்கர், சாப்பிட்ட இரண்டாம் மணி நேரத்தில் உப்பிக்கொள்ளும் வயிறு. இந்த மூன்றுக்கும் பயந்தே பலர் நல்ல ஒரு உணவை எப்போதாவது வந்துபோகும் விருந்தாளியாக வைத்திருக்கிறார்கள்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. பருப்பு நன்றாக வெந்திருக்கும், மணமாக இருக்கும், தினமும் சாப்பிடுவோம். ஆனால் தட்டில் இருப்பது பருப்புத் தண்ணீர். ஐந்து பேருக்கு ஒரு சின்னக் கிண்ணம் பருப்பு போட்டு, அதை நீட்டி நீட்டி ஊற்றிவிட்டு, "நாங்கள் தினமும் பருப்புதான்" என்று சொல்லிக்கொள்வோம். எங்கள் வீட்டிலும் பல வருடம் இதே கதைதான். ஒரு நாள் தராசில் நிறுத்துப் பார்த்தபோது ஆளுக்கு 20 கிராம்கூட வரவில்லை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு பழக்கத்தை வற்புறுத்துவேன்: பருப்பை வெந்தபின் கரண்டிக் கணக்கில் பார்க்காதீர்கள், வேகும் முன் உலர்ந்த எடையில் பாருங்கள்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

மைசூர் பருப்பு, மசூர் பருப்பு என்று இரண்டு பெயரிலும் கிடைக்கும் இதன் தாவரப் பெயர் லென்ஸ் குலினாரிஸ். இருபுறமும் லேசாகப் புடைத்த சின்ன வட்டு. கண்ணாடி வில்லைக்கு லென்ஸ் என்று பெயர் வந்ததே இந்தப் பருப்பின் வடிவத்தைப் பார்த்துத்தான். லத்தீனில் லென்ஸ் என்றால் பருப்பு. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பருப்பில் கல் பொறுக்குகிறவர்கள் இதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். கோதுமை, பார்லியோடு சேர்த்து மேற்கு ஆசியாவில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் பயிரிடத் தொடங்கிய முதல் பயிர்களில் இதுவும் ஒன்று.

கடையில் பல நிறங்களில் பார்த்தாலும் சமையலுக்கு இரண்டே பிரிவுதான் முக்கியம்: தோலோடு இருப்பது, தோல் நீக்கியது.

தோல் நீக்கியது ஆரஞ்சுக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவே ஒரு நிறத்தில் இருக்கும். உடைத்தும் கிடைக்கும், உடைக்காமல் உருண்டையாகவும் கிடைக்கும். வெந்ததும் மஞ்சளாகிக் கரைந்துவிடும். நிறம் போய்விட்டதே என்று புதிதாகச் சமைப்பவர்கள் பதறுவார்கள், அது இயல்புதான்.

தோலோடு இருப்பது பழுப்பு, பச்சை, கருப்பு என வரும். பழுப்பு நிறத்ததன் தோலை உரித்தால் உள்ளே பெரும்பாலும் அதே ஆரஞ்சுப் பருப்புதான். பழுப்பு சற்றுக் குழையும். பெரிய பச்சை ஓரளவு உருவம் காக்கும். கடுகுபோல் மின்னும் சின்னக் கருப்பு ரகமும், கரும்பச்சையில் புள்ளி போட்ட சின்ன ரகமும் வெந்த பிறகும் மணி மணியாக நிற்கும்.

முதல்முறை வாங்குபவர் என்றால் தோல் நீக்கிய உடைத்த பருப்பில் தொடங்குங்கள். ஊறவைக்க வேண்டாம், 20 நிமிடத்தில் வேலை முடியும், வயிற்றையும் அவ்வளவாகப் படுத்தாது. நார்ச்சத்து கூடுதலாக வேண்டும் என்றால் தோலோடு இருப்பதற்குப் பிறகு மாறலாம்.

கணக்கு: ஆளுக்கு எவ்வளவு?

உலர்ந்த முழுப் பருப்பு 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம், 10 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து, 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து. கொழுப்பு 1 கிராம்தான். எரிசக்தி 350 கலோரி அளவில். இந்த எண்களைப் பாக்கெட்டின் பின்னால் பார்த்துவிட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். யாரும் உலர்ந்த பருப்பைச் சாப்பிடுவதில்லை அல்லவா? வேகும்போது பருப்பு தன் எடையைப் போல ஒன்றரை மடங்குத் தண்ணீரைக் குடிக்கிறது. அதனால் வெந்து வடித்த முழுப் பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதம், 8 கிராம் நார்ச்சத்து, 3.3 மில்லிகிராம் இரும்பு, 116 கலோரி என்றுதான் வரும். அதுவும் வடித்த பருப்புக்கு. கரைத்து ஊற்றியதற்கு இன்னும் குறையும்.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான குறைந்தபட்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். இப்போது நம் சட்டியைப் பார்ப்போம். ஐந்து பேருக்கு 100 கிராம் பருப்பு போட்டால் ஆளுக்கு 5 கிராம் புரதம்கூட வராது. அதே ஐந்து பேருக்கு 250 கிராம் போட்டால் ஆளுக்கு 12 கிராம். ஒரு வேளைக்கு அது மரியாதையான அளவு.

தராசு இல்லையா? 200 மில்லி டம்ளரில் தலை தட்டி எடுத்தால் உலர் பருப்பு சுமார் 160 கிராம் இருக்கும். மூன்று பேருக்கு ஒரு டம்ளர். இதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

சரி, மலிவு என்கிறோமே, எதோடு ஒப்பிட்டு? கிலோ விலையை கிலோ விலையோடு ஒப்பிடுவது சரிவராது, ஏனென்றால் பாலிலும் முட்டையிலும் பெரும்பகுதி தண்ணீர். புரதத்துக்குப் புரதம் பாருங்கள். ஒரு கிலோ பருப்பில் 240 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், அதனால் 40 முட்டை. பாலில் லிட்டருக்கு 32 கிராம் என்று வைத்தால் ஏழரை லிட்டர். உங்கள் ஊரில் ஒரு கிலோ பருப்பு, 40 முட்டை, ஏழரை லிட்டர் பால், மூன்றின் விலையையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முட்டை, பாலின் புரதம் உடலில் இன்னும் நன்றாகச் சேரும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதற்காகப் பருப்புக் கணக்கில் கால் பங்கைக் கழித்தாலும், பெரும்பாலான இடங்களில் தாள் பருப்பின் பக்கமே சாயும்.

இந்த மலிவு செடியின் வேரிலிருந்தே தொடங்குகிறது. வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் உரச்செலவு குறைவு. தண்ணீரும் அதிகம் கேட்காது. அறுவடைக்குப் பின் குளிர்பதனப் பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும். ஐக்கிய நாடுகள் சபை 2016-ஐப் பருப்பு வகைகளின் ஆண்டாக அறிவித்ததற்கும், 2019 முதல் பிப்ரவரி 10-ஐ உலகப் பருப்பு தினமாகக் கொண்டாடுவதற்கும் பின்னால் இந்தக் காரணங்கள்தான் இருக்கின்றன.

வாங்கும்போது

ஒரே அளவு, ஒரே நிறம், சுருக்கமில்லாத மேல்பரப்பு. இவை மூன்றும் இருந்தால் ரகம் கலக்காத, ரொம்பப் பழசாகாத பருப்பு. நிறம் வெளுத்து, பாக்கெட்டின் அடியில் மாவு படிந்திருந்தால் வேண்டாம். மாவு என்பது வண்டு வேலை பார்த்த அடையாளம். ஒவ்வொரு பருப்பிலும் ஊசி குத்தியது போலத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்ணாடிபோல் மின்னினால் தரமான பருப்பு என்று நினைக்காதீர்கள். தண்ணீரோ எண்ணெயோ பூசி மெருகேற்றினாலும் மின்னும். சாயம் ஏற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஈரமான வெள்ளைத் துணியில் ஒரு பிடியைத் தேய்த்துப் பாருங்கள். களையும் தண்ணீர் பால்போல் கலங்குவது மாவுச்சத்து, பயப்பட வேண்டாம். துணியில் பளிச்சென்று நிறம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிப்பம் கட்டிய தேதி முக்கியம். காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று ஒன்றரை வருடப் பருப்பை வாங்கினால் கெட்டுப்போயிருக்காது, ஆனால் வேகவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

பொறுக்கு, களை, ஊறவை

வெள்ளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே பாருங்கள். மைசூர் பருப்பில் கல் மறைவது மிக எளிது, இரண்டும் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே நிறம். பாக்கெட்டில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று போட்டிருந்ததை நம்பி ஒரு முறை அப்படியே போட்டேன். கடைவாய்ப் பல்லின் ஓரம் தெறித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடைத்த பல்லுக்கு ஆன செலவில் ஒரு வருடப் பருப்பு வாங்கியிருக்கலாம்.

களைவது மூன்று தண்ணீர். முதல் தண்ணீரில் கையால் நன்றாகச் சுழற்றினால் உமியும் ஓட்டைப் பருப்பும் மேலே மிதந்து வரும், அதைச் சாய்த்துக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும்வரை களையத் தேவையில்லை, கலங்கல் குறைந்தால் போதும்.

தோல் நீக்கிய உடைத்த பருப்புக்கு ஊறல் அவசியமே இல்லை. நேரம் இருந்தால் 15 நிமிடம், அவ்வளவுதான். தோலோடு இருப்பதும் ஊறாமல் வேகும், மற்ற பெரிய பயறுகளைப் போல இரவெல்லாம் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் ஊறினால் சீராக வேகும், வாயுத் தொல்லையும் குறையும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடுமே என்பார்கள். கொஞ்சம் போகும், உண்மை. கூடவே வயிற்றை உப்பவைக்கும் சர்க்கரைகளும், இரும்பு, துத்தநாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட்டில் ஒரு பகுதியும் போகும். எனக்கு அந்தப் பேரம் சரியாகவே படுகிறது.

வேகவைப்பது

பருப்பின் செல்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அந்தப் பசை கரைந்தால் பருப்பு மெத்தென்று ஆகும். கரையாவிட்டால் எவ்வளவு கொதித்தாலும் உள்ளே ஒரு கடினம் நிற்கும். அடுப்படியில் பருப்பைப் பற்றிச் சொல்லப்படும் எல்லா விதிகளையும் இந்த ஒரே பசையை வைத்துச் சோதித்துவிடலாம்.

புளிப்பு: அமிலம் பெக்டினைக் கரையவிடாது. அதனால் தக்காளி, புளி, எலுமிச்சை எதுவானாலும் பருப்பு வெந்த பிறகுதான். இந்த விதியில் மட்டும் சமரசம் வேண்டாம். நேர்மாறாக, முழுப் பருப்பு மணி மணியாக நிற்க வேண்டும் என்றால், முக்கால்வாசி வெந்ததும் துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள், அதற்கு மேல் உடையாமல் இருக்கும்.

உப்பு: முதலில் போட்டால் பருப்பு வேகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். நானும் நம்பினேன். உண்மையில் உப்பிலுள்ள சோடியம், பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து பிடியைத் தளர்த்துகிறது. முழுப் பருப்பை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் வெடிக்காமல், உள்ளே வெண்ணெயாக வேகும். நீங்களே ஒரே பருப்பை இரண்டு சட்டியில், ஒன்றில் உப்போடும் ஒன்றில் இல்லாமலும் வைத்துப் பாருங்கள். உடைத்த பருப்புக்கு உப்பு எப்போது போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

கடின நீர்: தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பசையை இன்னும் இறுக்கும். கெட்டிலில் வெள்ளைப் படலம் படியும் தண்ணீர் என்றால், பருப்புக்கு மட்டும் வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்திப் பாருங்கள். பாதி புகார் அதோடு தீரும்.

சமையல் சோடா: காரம் பெக்டினை வேகமாகக் கரைக்கும், அதனால் வேலை செய்யும். கூடவே தயமின் எனும் பி1 வைட்டமினை அழிக்கும், கூடினால் சோப்பு வாடையும் அடிக்கும். வேறு வழியே இல்லாதபோது ஒரு டம்ளர் பருப்புக்கு விரல் நுனியில் ஒட்டும் அளவு. மைசூர் பருப்புக்குப் பெரும்பாலும் அதுவும் வேண்டாம்.

சரி, இப்போது அடுப்பைப் பற்றவைப்போம்.

திறந்த பாத்திரத்தில்: ஒரு டம்ளர் உடைத்த பருப்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர். கெட்டியாக வேண்டுமென்றால் இரண்டரை. நல்ல தீயில் கொதி வந்ததும் வெண்ணிற நுரை குபுகுபுவென்று எழும். அதில் பெரும்பகுதி புரதமும் சபோனின் எனும் நுரைக்கும் பொருளும்தான், விஷமில்லை. பொங்கி அடுப்பில் வழியும் என்பதால் கரண்டியால் எடுத்துவிடலாம், அல்லது அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் அடங்கும். பிறகு தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்து 15 முதல் 20 நிமிடம். இடையில் இரண்டு தடவை அடியோடு கிளறுங்கள். மைசூர் பருப்பு கரையத் தொடங்கியதும் அடிபிடிப்பதில் கில்லாடி.

தோலோடு இருப்பதற்குக் கணக்குப் பார்க்காமல் தாராளமாகத் தண்ணீர் வைத்து, 25 முதல் 40 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்துக்கொள்ளலாம். தளதளவென்று கொதித்தால் பருப்புகள் ஒன்றோடொன்று மோதி உடையும். மேலே மெல்லிய குமிழ் மட்டும் வரும் தீ போதும். வடித்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள், சூப்புக்கு ஆகும்.

வெந்துவிட்டதா என்று ஒரே ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சட்டியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வேகும். மூன்று இடத்திலிருந்து ஐந்தாறு எடுத்து, ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்துங்கள். நடுவில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். எல்லாமே ஒரே சீராகப் பசைபோல நசுங்கினால் முடிந்தது.

குக்கரில்: பருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் இருக்கவே கூடாது. நுரைக்காத மற்ற சமையலுக்கு மூன்றில் இரண்டு பங்கு வைக்கிற பழக்கத்தில் பருப்புக்கும் வைத்துவிடுவோம். நுரை மேலே ஏறி ஆவி போகும் துளையை அடைத்தால் ஆபத்து. நான் ஒரு முறை அவசரத்தில் முக்கால்வாசி நிரப்பினேன். விசில் வரவில்லை, ஓரத்தில் மட்டும் புஸ்ஸென்று மஞ்சள் நுரை. நல்லவேளையாக அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பாதுகாப்பு வால்வு திறந்து, கூரையில் பருப்பு ஒரு வட்டம் போட்டது. அந்த மஞ்சள் கறை வெள்ளையடிக்கும்வரை போகவில்லை. ஆகவே பாதி, ஒரு ஸ்பூன் எண்ணெய், மூடி போடும் முன் துளையை வெளிச்சத்தில் பார்ப்பது, இந்த மூன்றையும் விடாதீர்கள். முழு அழுத்தம் வந்து தீயைக் குறைத்த பிறகு உடைத்த பருப்புக்கு 4-5 நிமிடம், தோலோடு இருப்பதற்கு 8-10 நிமிடம். விசில் எண்ணிக்கை குக்கருக்குக் குக்கர் மாறும், நேரத்தை நம்புங்கள். அழுத்தம் தானாக இறங்கட்டும்.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 300 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். 2,000 மீட்டரில் திறந்த சட்டியில் பருப்பு வேகக் காத்திருப்பது பொறுமைக்கான சோதனை. அங்கே குக்கர்தான் சரி.

ருசி

வெந்த பருப்பு தனியாகச் சப்பென்றுதான் இருக்கும், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. உப்பு, கொழுப்பு, புளிப்பு மூன்றும் சேர்ந்தால் உயிர் வரும். மசாலாக்களின் மணம் பெரும்பாலும் எண்ணெயில்தான் கரையும் என்பதால், சூடான எண்ணெயில் சீரகம், பூண்டு, மிளகாய் எது பிடிக்குமோ அதைப் பொரித்து மேலே கொட்டினால், சேர்த்துக் கொதிக்கவைப்பதைவிடப் பல மடங்கு மணக்கும். அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை.

கெட்டியாகக் கடைந்து தானியத்தோடு சாப்பிடலாம். மணியாக வடித்ததை வெங்காயம், வெள்ளரி, எண்ணெய், எலுமிச்சையோடு ஆறிய சாலட்டாக்கலாம். ஊறிய பருப்பை அரைத்து வாணலியில் மெல்லிசாக ஊற்றிச் சுடலாம். கொத்துக்கறி சமைப்பவர்கள் பாதியைக் குறைத்துப் பழுப்புப் பருப்பைச் சேர்த்தால் சாப்பிடுபவருக்குச் சட்டென்று தெரியாது. குடும்பத்தில் பருப்பைக் கண்டாலே முகம் சுளிப்பவர் இருந்தால் இங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தட்டில் கூட என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. அரிசி, கோதுமை, சோளம் போன்ற தானியங்களில் அப்படியே தலைகீழ். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஒரே வாயில் சேர வேண்டும் என்றில்லை, ஒரே நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

இரும்பு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பருப்பிலுள்ள இரும்பை உடல் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும் அளவு கூடும்: எலுமிச்சை, தக்காளி, குடைமிளகாய், கொய்யா, எதுவானாலும் சரி. எலுமிச்சையைச் சூட்டில் கொதிக்கவிடாமல் கடைசியில் பிழிவதற்கு ருசியைத் தாண்டி இதுவும் காரணம். இதற்கு எதிரி, சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் காபியும். ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

ஃபோலேட் எனும் பி வைட்டமினில் பருப்பு பெரிய கை. வெந்த 100 கிராமில் சுமார் 180 மைக்ரோகிராம், பெரியவரின் ஒரு நாள் தேவையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பி12 பருப்பில் சுத்தமாக இல்லை, கால்சியமும் பெரிதாக இல்லை. பருப்பை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிட முடியாது.

வாயுத் தொல்லை

பருப்பிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகின்றன. விருந்தின் சத்தம்தான் நமக்குக் கேட்பது. அந்த பாக்டீரியாக்களுக்கு இது நல்ல உணவு என்பதால் பருப்பை விட்டு ஓடத் தேவையில்லை, மெதுவாகப் பழக்கினால் போதும். முதல் வாரம் ஆளுக்கு 20 கிராம் உலர் பருப்பு, அதுவும் தோல் நீக்கியது, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டாம் வாரம் 30. ஒரு மாதத்தில் 50-க்கு வந்துவிடலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டுவது, நன்றாக மசிய வேகவைப்பது, நாளெல்லாம் போதுமான தண்ணீர் குடிப்பது, இவை கைகொடுக்கும். திடீரென்று நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கல் வரும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுக்காக மருத்துவரைக் கேட்டபிறகே அளவைக் கூட்ட வேண்டும். பயறு வகை ஒவ்வாமை சிலருக்கு உண்டு. குழந்தைக்கு முதல்முறை கொடுக்கும்போது சின்ன அளவில் கொடுத்துப் பாருங்கள்.

முளைகட்டுவது

தோலோடு உள்ள முழுப் பருப்பு மட்டுமே முளைக்கும். உடைத்ததை மூன்று நாள் ஈரத்தில் வைத்துவிட்டு நாற்றமடிக்கிறதே என்று கேட்டவர்கள் உண்டு. எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, ஈரத்துணியிலோ துளையுள்ள பாத்திரத்திலோ வையுங்கள். காலையும் மாலையும் ஒருமுறை அலசி வடியுங்கள். இரண்டாம் நாள் சின்ன வால் எட்டிப்பார்க்கும். முளைக்கும்போது வைட்டமின் சி உருவாகும், ஃபைட்டேட் குறையும். ஆனால் ஈரமும் வெதுவெதுப்பும் நோய்க்கிருமிகளுக்கும் பிடித்த இடம். கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், நன்றாக வேகவைத்தே சாப்பிடட்டும். மற்றவர்களுக்கும் நான் வேகவைப்பதையே சொல்வேன்.

மிச்சமும் சேமிப்பும்

வெந்த பருப்பை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், மூன்று நாள் வரும். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமாகும், அகலமான டப்பாக்களில் பிரித்து வையுங்கள். உறைநிலையில் இரண்டு மூன்று மாதம் நன்றாகவே இருக்கும். ஆறினால் கெட்டியாகிவிடும், சுடவைக்கும்போது வெந்நீர் சேர்த்துக் கரைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நாள் மொத்தமாக வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று வைப்பவர்களுக்கு எரிவாயுவும் மிச்சம், நேரமும் மிச்சம். உப்பு, புளிப்பு, தாளிப்பு எதுவும் இல்லாமல் வைத்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ருசியில் முடிக்கலாம்.

உலர் பருப்புக்கு எதிரி ஈரமும் வெப்பமும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி கைக்கு வாகாக இருக்கும், ஆனால் பருப்பு வைக்க அதைவிட மோசமான இடம் கிடையாது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் பருப்பிலுள்ள ஃபைட்டேட் மெல்ல உடைகிறது. அதுவரை அது பிடித்துவைத்திருந்த கால்சியம் விடுபட்டு பெக்டினோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. பழைய பருப்பு வேகாததற்கு முக்கியமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். அப்படிப்பட்ட பருப்பை ஊறவைத்தாலும் கல்லுப் போலத்தான். அதைத் தூக்கிப்போடாமல், வறுத்து அரைத்து மாவாக்கி சூப்பைக் கெட்டியாக்கப் பயன்படுத்தலாம்.

வண்டு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் முன்பே ஒட்டியிருக்கும் முட்டைகள். வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தால் அவை செத்துவிடும். வெளியே எடுத்து, பாக்கெட்டின் மேல் பூத்திருக்கும் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே திறந்து டப்பாவில் கொட்டுங்கள்.

அப்புறம் அந்த டப்பா. எங்கள் வீட்டில் ஒரே சட்டியில் பாதிப் பருப்பு கரைந்தும் பாதி கல்லாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. தண்ணீரைக் குறை சொன்னோம், குக்கரின் ரப்பரை மாற்றினோம், கடையையும் மாற்றிப் பார்த்தோம். ஒருநாள் டப்பாவைத் துடைக்கலாம் என்று தரையில் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது: அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு நிறம் மங்கிய, எப்போது வாங்கியது என்றே தெரியாத பருப்பு. ஒவ்வொரு மாதமும் அதன் தலையிலேயே புதியதைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது இரண்டு டப்பா. ஒன்று முழுக்கக் காலியாகித் துடைத்த பிறகே மற்றதைத் திறப்போம், மூடியில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டியிருக்கிறோம், உள்ளே ஒரு 200 மில்லி டம்ளர் கிடக்கிறது.